ஆல்கஹாலில் கரைந்த எழுத்து

பேனாவால் எழுதாதே, பென்சிலால் எழுது என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் சொல்லவில்லை. மறந்துபோகவில்லை, நேரம் இல்லாமலும் போகவில்லை. நன்றாகத் தெரிந்தேதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது இதை எழுத உட்கார்ந்திருப்பதால் நான் திருந்திவிட்டதாக யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

நான் மதுரை விளாங்குடிக்காரி. அப்பா போக்குவரத்து அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர். மூன்று மணி நேரம் பஸ்ஸில் போனால்தான் கடலைப் பார்க்க முடியும் என்கிற ஊரில், கடல் பிராணிகளைப் பற்றிய ஆராய்ச்சித் துறை ஒன்று இருந்தது. அங்கே ஆறு வருடமாக நான் ஆராய்ச்சி மாணவி. கடல் தண்ணீரில் மிதந்து திரியும் பொடிப் பிராணிகளை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து இன்னது இத்தனை என்று எண்ணுவதுதான் வேலை. காலையில் பத்து மணிக்குக் குனிந்தால் சாயங்காலம் கழுத்து நிமிராது. உறவுக்காரர்கள் என்ன படிக்கிறாய் என்று கேட்டால், எண்ணுகிறேன் என்று சொல்வேன். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை.

அவள் எனக்கு மூன்று வருடம் பின்னால் சேர்ந்தவள். வாடிப்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம், நெல்லும் தென்னையும். சேர்ந்த அன்றைக்கே என்னை அக்கா என்று கூப்பிட்டாள். என் டிபன் பாக்ஸைத் திறந்து, "இம்புட்டுத்தான் சாப்பிடுவீகளாக்கா?" என்று கேட்டுவிட்டுத் தன் சாப்பாட்டில் பாதியை என் மூடியில் வைத்தாள். எல்லோருக்கும் அவளைப் பிடித்தது. ஆய்வகத்தைப் பெருக்குகிற அம்மாவிலிருந்து பேராசிரியர்வரை எல்லோருக்கும். மூன்று வருடத்தில் என்னிடம் மூன்று முறை சிரித்திருந்த பேராசிரியர், அவளிடம் ஒரே வாரத்தில் மாட்டுப் பண்ணையைப் பற்றியெல்லாம் பேச ஆரம்பித்திருந்தார்.

தென் துருவக் கடலுக்குப் போகும் ஆராய்ச்சிக் கப்பலில் எங்கள் துறைக்கு இரண்டு இடம் கிடைத்தது. பேராசிரியர் எங்கள் இரண்டு பேரையும் அனுப்பினார். வேலையை அவரே பிரித்துக் கொடுத்தார். ஒவ்வொரு இடத்திலும் வலை போட்டு எடுப்பதைச் சரிபாதியாகப் பிரிக்க வேண்டும். ஒரு பாதி பார்மலினில், அது எனக்கு. இன்னொரு பாதி ஆல்கஹாலில்; அது அவளுக்கு. பார்மலினில் கிடக்கிற பிராணியின் உருவம் கெடாது, உட்கார்ந்து எண்ணலாம். ஆனால் மரபணுவைப் பார்க்க முடியாது. ஆல்கஹாலில் கிடப்பதில் மரபணு பார்க்கலாம். அதற்குத்தான் இப்போது உலகத்தில் மரியாதை. அதாவது ஆறு வருடம் எண்ணியவள் மறுபடி எண்ணப் போகிறாள். நேற்று வந்தவள் புதிதாக ஏதோ கண்டுபிடிக்கப் போகிறாள். பேராசிரியர் இதைச் சொன்னபோது நான் சரி சார் என்றேன். பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது எனக்கு வயிறு எரிந்தது.

அவளுக்கு அந்தப் பாதி எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அவளே சொன்னாள். தாய்மாமன் மகனுக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். நல்ல பையன்தான், குடி கிடையாது, வாடிப்பட்டியில் உரக்கடை வைத்திருந்தான். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு மதுரைக்குப் போய்வருவது, ஆராய்ச்சி, வேலை எல்லாம் கிடையாது என்று மாமன் வீட்டில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். இரண்டு முறை தள்ளிப்போட்டாயிற்று. கப்பலில் ஏறுவதற்கு முன்னால் வீட்டாரின் சம்மதக் கடிதம் கொடுக்க வேண்டும். உயிருக்கு ஏதாவது ஆனால் எங்கள் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்காக நானும் அவளோடு வாடிப்பட்டிக்குப் போனேன். பெண் துணைக்கு ஒருத்தி இருக்கிறாள் என்று காட்டினால்தான் அவளுடைய அப்பா கையெழுத்துப் போடுவார் என்று அழைத்துப் போயிருந்தாள்.

"அம்புட்டு தூரம் போயி என்னத்தம்மா பிடிக்கப் போறீக?" என்று அவர் என்னைக் கேட்டார்.

நான் கிரில் என்று சொன்னேன். புரியவில்லை. சென்னாக்கூனி இருக்கே, பொடி இறால், அது மாதிரிதான், கொஞ்சம் பெரிசு என்றேன்.

"சென்னாக்கூனிக்கா? நம்ம சந்தையிலயே கெடைக்குமே."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுப் பேனாவை மூடி அவளிடம் கொடுத்துச் சொன்னார்: "இதான் கடைசி. போயிட்டு வந்து உன் ஆராய்ச்சிப் புத்தகத்த முடிச்சு, கல்லூரியில ஒரு வேலைன்னு வந்து நின்னேன்னா நான் உன் மாமன்கிட்டப் பேசுறேன். இல்லேன்னா நீ வந்ததுக்கப்புறம் வார தையில தாலி. அப்புறம் என்னையக் கொற சொல்லப்பிடாது."

அவள் தலையை ஆட்டினாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "முடிச்சிருவேன்லக்கா?" என்று கேட்டாள். முடிச்சிருவ என்றேன்.

தென்னாப்பிரிக்காவில் ஒரு துறைமுகத்தில் கப்பலேறினோம். இரண்டு மாதப் பயணம். நாற்பது டிகிரி அட்சரேகைக்குத் தெற்கே போனதும் கப்பல் ஆட ஆரம்பித்தது. சாப்பாட்டு மேசையில் தட்டு வழுக்காமல் இருக்க ஈரத்துண்டு விரித்திருப்பார்கள். தட்டு நின்றது, சாம்பார் நிற்கவில்லை. மூன்று நாள் நான் படுக்கையைவிட்டு எழவில்லை. குடலே வெளியே வந்துவிடும் போல இருந்தது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சின்ன வயதிலிருந்து டிராக்டரில் தொற்றிக்கொண்டு போனவளுக்கு இதெல்லாம் தாலாட்டு என்று சிரித்தாள். நான் வாந்தியெடுத்த வாளியை அவள்தான் கழுவினாள். என் தலைமுடியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஈரத்துணியால் வாயைத் துடைத்துவிட்டாள். அந்தக் கையை நான் வெறுத்தேன். தாயைப் போலப் பார்த்துக்கொள்கிறவளை எப்படி வெறுக்க முடியும் என்று கேட்பவர்கள், கையாலாகாமல் மூன்று நாள் ஒருத்தியின் முன்னால் கிடந்து பார்க்க வேண்டும்.

நாலாம் நாள் முதல் வலை இறங்கியது. பின்தளத்தில் காற்று ஆளைத் தள்ளியது. வின்ச் இயந்திரத்தின் கம்பியை அவிழ்த்து வலையை ஆழத்துக்கு இறக்கி, மறுபடி மெதுவாக இழுப்பதற்குள் விரல்கள் மரத்துப்போயின. வந்ததை வாளியில் கொட்டினோம். கிரில் கண்ணாடி மாதிரி இருந்தது. கறுப்புக் கண், உடம்பு ஓரத்தில் சிவப்பு, வயிற்றில் தின்ற பாசியின் பச்சை. அவள் வாளிக்குள் தலையை விட்டபடி, "எம்புட்டு அழகுக்கா" என்றாள். எனக்கும் அழகாகத்தான் இருந்தது. ஆறு வருடம் படத்தில் பார்த்ததை உயிரோடு பார்க்கிறேன். சொல்லவில்லை.

உள்ளே கொண்டுபோய், நடுவில் தடுப்பு வைத்த ஒரு பிளாஸ்டிக் உருளையில் ஊற்றி ஆட்டினால் சரிபாதியாகப் பிரியும். என் பாதியைப் பாட்டிலில் ஊற்றி, ஒரு துண்டு ட்ரேசிங் பேப்பரில் இடம், நேரம், ஆழம், எண் எல்லாம் எழுதிப் பாட்டிலுக்கு உள்ளேயே போட்டேன். எங்கள் வேலையில் லேபிளை வெளியே ஒட்டி நம்ப மாட்டோம். பிராணியோடு பிராணியாக அது உள்ளேயே கிடக்க வேண்டும். எங்கே பிடித்தது என்று தெரியாத பிராணி வெறும் கருவாடு. அதை வைத்துக்கொண்டு ஒரு வரி எழுத முடியாது.

அவளும் எழுதினாள். எங்கள் துறையில் எல்லோரும் வைத்திருந்த வாட்டர்ப்ரூஃப் பேனாவால் எழுதினாள். அதில் தப்பு சொல்ல முடியாது. அதுவரை எங்கள் துறையில் எல்லாமே பார்மலின்தான்; அந்த மை பார்மலினில் வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். தண்ணீரில் கரையாது என்று பேனாவிலேயே போட்டிருக்கும். ஆனால் ஆல்கஹாலில் கரையும். ஆல்கஹாலுக்குப் பென்சில்தான். இது எனக்குத் தெரியும். நான் சேர்ந்த புதிதில் தொண்டிக் கடலில் எடுத்த பன்னிரண்டு பாட்டில்களை வீம்புக்கு ஆல்கஹாலில் போட்டுப் பார்த்தேன். இரண்டே மாதத்தில் எல்லாச் சீட்டும் வெறும் தாளாகிவிட்டது. யாருக்கும் தெரியாமல் பன்னிரண்டையும் கழுவுதொட்டியில் கொட்டிவிட்டு, அம்மாவிடம் தலைவலி என்று சொல்லி இரண்டு நாள் படுத்துக் கிடந்தேன். அந்த வலி எப்படி இருக்கும் என்று உலகத்தில் யாருக்காவது தெரியும் என்றால் எனக்குத் தெரியும்.

அவள் எழுதுவதைப் பார்த்ததும் சொல்லத்தான் வாயெடுத்தேன். "ஏய், அந்தப் பேனா" என்றுகூட ஆரம்பித்துவிட்டேன். அந்த நேரம் பயணத் தலைவர் உள்ளே வந்தார். அவளுடைய சீட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கப்பல் இந்த ஆட்டம் ஆடுது, முத்து முத்தா எழுதியிருக்கியேம்மா" என்றார். பிறகு என் பாட்டிலைக் குனிந்து பார்த்தார். "நீயும் இருக்கியே, கோழி கிண்டின மாதிரி. இவகிட்டப் பழகிக்கம்மா."

அவள் என்னைப் பார்த்து, "என்னக்கா சொல்ல வந்தீக?" என்று கேட்டாள்.

ஒன்றுமில்லை என்றேன்.

அதற்குப் பிறகு அறுபதுக்கும் மேல் வலை போட்டோம். ஒவ்வொன்றுக்கும் அவள் முத்து முத்தாக எழுதிப் போட்டாள். ஆல்கஹாலில் போட்ட பிராணியிலிருந்து தண்ணீர் இறங்குவதால் மறுநாள் பழைய ஆல்கஹாலைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். அந்த வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். நீ தளத்துக்குப் போ, வலையைப் பார், இதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "உங்களுக்கு ஏங்க்கா செரமம்" என்று சொல்லிவிட்டு நன்றியோடு போனாள். பாட்டில் வாயில் சல்லடைத் துணியைக் கட்டிக் கவிழ்த்தால் ஆரஞ்சு நிறத்தில் கொட்டும். கிரிலின் நிறம் இறங்கியிருக்கும். உள்ளே கிடக்கிற சீட்டில் எழுத்து கொஞ்சம் வெளுத்திருப்பது கண்ணாடி வழியாகத் தெரியும். நான் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் பார்த்தேன். மூடிமேல் அவள் எழுதியிருந்த எண்ணும் ஆல்கஹால் பட்ட என் கையுறையில் ஒட்டிக்கொண்டு வந்தது. நான் அழிக்கவில்லை, அது தானாக அழிந்தது. இந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டு பல மாதம் நிம்மதியாகத் தூங்கினேன்.

அங்கே அப்போது கோடைக்காலம், இருட்டவே இருட்டாது. முதல் பனிப்பாறையைப் பார்த்தபோது அவள் அழுதாள். எங்கள் யானைமலையை வெள்ளையடித்துத் தண்ணீரில் விட்டது போல இருந்தது. கம்பியைப் பிடித்தபடி, "எங்க ஊர்ல போய்ச் சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாகக்கா" என்றாள். பிறகு, "தையில எனக்குக் கல்யாணம் நடக்காது. எனக்குத் தெரியுது" என்றாள். அவ்வளவு சந்தோஷமாக ஒரு முகத்தை நான் அதற்கு முன்னால் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். அதுவரை எழுதியது வெளுத்துப்போயிருந்தாலும், சீட்டில் எழுத்து மிச்சம் இருந்தது. எல்லாவற்றையும் பென்சிலால் மறுபடி எழுதியிருப்போம், இரண்டு பேரும் உட்கார்ந்தால் ஒரு நாள் வேலை. குளிருது, உள்ள போவோம் என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் மாதம் ஊருக்குத் திரும்பினோம். பெட்டிகள் கப்பல் வழியாகவும் லாரி வழியாகவும் தனியே வந்தன. வருகிற வழியில் புயலில் பெட்டிகள் கவிழ்ந்து, கப்பல் ஆட்கள் உடையாத பாட்டில்களைப் பொறுக்கி, இடம் கிடைத்த பெட்டியில் அடுக்கியிருந்தார்கள். அதனால் வரிசையும் போய்விட்டது. மதுரைக்கு வந்துசேரும்போது சித்திரைத் திருவிழா நடந்துகொண்டிருந்தது. அன்றைக்கு விடுமுறை, ஆற்றில் அழகர் இறங்குவதைப் பார்க்க ஊரே போயிருந்தது. பொறுக்க முடியாமல் அவள் ஆய்வகத்தைத் திறக்கச் சொன்னாள். நானும் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

முதல் பாட்டிலைத் திறந்து சீட்டைச் சின்ன இடுக்கியால் எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். இன்னொரு பக்கம் திருப்பினாள். டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தாள். அதைத் தட்டில் வைத்துவிட்டு அடுத்த பாட்டில். அதை வைத்துவிட்டு அதற்கடுத்தது. ஏழோ எட்டோ திறந்த பிறகு அவள் கை நின்றது. தட்டில் வெள்ளைத் தாள்கள் ஈரமாகக் கிடந்தன. ஜன்னல் வழியாக எங்கோ மைக்கில் பாட்டுச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"அக்கா, எழுத்தக் காணோம்" என்றாள்.

எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. இப்படித்தான் இருந்தது, நான் என்ன செய்ய? ஆறு வருட எரிச்சலும் ஒரே நிமிடத்தில் அடங்கிவிட்டது. முகத்தில் ஒன்றும் காட்டாமல், ஐயையோ, எப்படி என்றேன். ஆல்கஹாலுக்குப் பென்சில்தான் என்று அப்போது சொன்னேன். எங்கேயோ படித்த ஞாபகம் என்று சேர்த்துக்கொண்டேன். அவள் தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. "எனக்குத்தாங்க்கா அறிவில்ல, எனக்குத்தாங்க்கா அறிவில்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

பேராசிரியர் அவளை எல்லோர் முன்னாலும் வைத்துத் திட்டினார். சிரித்துப் பேசியதற்கெல்லாம் சேர்த்துத் திட்டினார். முதல் வருட மாணவர்களைக் கூப்பிட்டு, லேபிள் எப்படி எழுதக் கூடாது என்று அந்தத் தட்டைக் காட்டி வகுப்பெடுத்தார். அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

ஆனால் அவள் முட்டாள் இல்லை. ஒரு வாரம் கழித்து என் மேசைக்கு வந்தாள். முகத்தில் களை திரும்பியிருந்தது.

"அக்கா, ஒரு வழி இருக்கு. ஒரே வலைதான, பாதி உங்ககிட்ட, பாதி எங்கிட்ட. உங்க பாட்டில்ல எந்தெந்தப் பிராணி எம்புட்டு இருக்கோ, அதே கணக்குலதான எம்பாட்டில்லயும் இருக்கும்? நீங்க எண்ணுன தாளக் குடுத்தீகன்னா, நான் எந்தப் பாட்டிலு எந்த எடம்னு பொருத்திருவேன். உங்களுக்கு ஒரு வேலையும் இல்ல, நானே உக்காந்து பாத்துக்கிறேன்."

நல்ல யோசனை. எனக்கே தோன்றியிருந்தது; அதனால்தான் கொஞ்ச நாளாகப் பயந்துகொண்டிருந்தேன். வடக்கே எடுத்ததில் நுங்குச்சுளை மாதிரி ஒரு வழவழப்பான பிராணி நிறைய இருக்கும். தெற்கே போகப் போகக் கிரில். பனி ஓரத்தில் அதன் குஞ்சுகள். ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு சாயல் உண்டு. தாள் இருந்தால் பொருத்திவிடலாம்.

"எண்ணி முடிக்கலையே" என்றேன். "முடிச்சதும் தாரேன்."

மே மாதம் கேட்டாள். முடியவில்லை என்றேன். ஜூனில் கேட்டாள். ஜூலை கடைசியில் நான் எண்ணி முடித்துவிட்டேன். தாள்களை ஒரு ஃபைலில் போட்டு வீட்டுக்கு எடுத்துவந்து பீரோவில் துணிக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். ஆகஸ்டில் கேட்டபோது, நுண்ணோக்கியின் விளக்கு போய்விட்டது என்றேன். நானே பார்மலின் பாட்டிலை எண்ணிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். பாதியில் கை மாறினால் என் கணக்கே கெட்டுவிடும் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். பேராசிரியரிடம் போனாள். "உங்களுக்குள்ள பேசிக்கங்கம்மா, எனக்கு இதான் வேலையா?" என்றாராம். அதையும் அவளே வந்து என்னிடம் சொன்னாள். வேறு யாரிடம் சொல்வாள்?

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விளாங்குடிக்கு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். ஒரு சீப்பு வாழைப்பழமும், சாக்குப்பையில் நாலு தேங்காயும் கொண்டுவந்திருந்தாள். அம்மா காபி கொடுத்தாள். அவள் காபியைக் கீழே வைத்துவிட்டு, "கல்யாணப் பத்திரிகைக்கு மாதிரி பாக்க ஆரம்பிச்சுட்டாகக்கா" என்றாள். "எண்ணுன வரைக்கும் குடுங்க. பாதி பொருந்துனாக்கூடப் போதும். அத வச்சு அப்பாகிட்ட ஆறு மாசம் கேப்பேன்."

அம்மாவுக்கு எங்கள் வேலை ஒன்றும் தெரியாது. "அதான் ஆடியிலேயே எண்ணி முடிச்சுட்டேன்னு வந்து பாயசம் வைக்கச் சொன்னியேடி?" என்றாள்.

"அது பழைய கணக்கும்மா, வேற" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு காபியை எடுத்துக் குடித்தாள். "ஆமாம்மா, அக்காவுக்கு அது மாதிரி நெறைய வேல" என்று அம்மாவிடம் சொன்னாள். பீரோ அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. போகும்போது காலிப் பையை மடித்து எடுத்துக்கொண்டு, "முடிஞ்சா போன் போடுங்கக்கா. நான் எந்நேரம்னாலும் வாரேன்" என்றாள். அன்றைக்குச் சாயங்காலம் அம்மா அந்தத் தேங்காயில் ஒன்றை உடைத்துச் சட்னி அரைத்தாள். நான் நாலு தோசை சாப்பிட்டேன்.

தையில் கல்யாணம் நடந்தது. வாடிப்பட்டியில் பெரிய மண்டபம், வாசலில் ஃபிளெக்ஸ். பெண்ணின் படத்துக்குக் கீழே படிப்பைப் போட்டிருந்தார்கள். வாங்காத பட்டத்தைப் போட முடியாததால் பழைய பட்டத்தோடு நிறுத்தியிருந்தார்கள். மேடையில் நான் பரிசைக் கொடுத்தபோது என் காதருகில் குனிந்தாள். பூ வாசனையும் வேர்வை வாசனையும் வந்தன. "பாட்டிலுகள நீங்க எடுத்துக்கங்கக்கா" என்றாள். "குப்பையில கொட்ட மனசு வரல. எதுக்காச்சும் ஆகும்னா எடுத்துக்கங்க." போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். இரண்டு பேரும் சிரித்தோம்.

எடுத்துக்கொண்டேன். பீரோவிலிருந்து ஃபைலை வெளியே எடுத்தேன். அவளுடைய பாட்டில்களை ஒவ்வொன்றாகத் தட்டில் ஊற்றி, என் தாளோடு ஒப்பிட்டு, பென்சிலால் புதிய சீட்டு எழுதிப் போட்டேன். எல்லாம் பொருந்தியது. பிறகு மரபணு வேலையை வெளியே ஓர் ஆய்வகத்தில் செய்து வாங்கினேன். அதிலிருந்து வந்த கட்டுரைதான் எனக்குப் பட்டத்தையும், இப்போது நான் பார்க்கும் வேலையையும் வாங்கிக் கொடுத்தது. எழுதியவர்கள் என்று என் பெயரும் பேராசிரியர் பெயரும். கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில், கப்பலில் மாதிரிகள் சேகரிக்க உதவியதற்காக அவளுக்கு நன்றி.

இரண்டு வருடம் கழித்து அவளுடைய குழந்தைக்குக் காதுகுத்து. அவளுடைய கணவரே போன் செய்து வரச் சொன்னார். போனேன். வாசலிலேயே அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டு, முன்னறைச் சுவரைக் காட்டினார். என் கட்டுரையின் கடைசிப் பக்கத்தை பிரிண்ட் எடுத்து, சட்டம் போட்டு, சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். அவள் பெயருக்கு அடியில் மஞ்சள் கோடு.

"வர்றவுககிட்டயெல்லாம் காட்டுவேங்க்கா. எங்க வீட்டம்மா பேரு வெளிநாட்டுப் புத்தகத்துல வந்துருக்குன்னு. எல்லாம் உங்க புண்ணியம்."

அவள் என்னை உள்ளறைக்கு அழைத்துப் போனாள். குழந்தை அவள் இடுப்பில் இருந்தது. உடம்பு போட்டிருந்தாள். என்னை நாற்காலியில் உட்காரவைத்து, பழைய மாதிரியே, கப்பலில் யார் யார் இப்போது எங்கே என்றெல்லாம் கேட்டாள். சிரித்தாள். குறை ஒன்றும் தெரியவில்லை. கட்டுரையை முழுக்கப் படித்தேன், பாதி மறந்துபோச்சு, ஆனாலும் புரிஞ்சுது என்றாள். அப்புறம், சாதாரணமாக, குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டே கேட்டாள்.

"பாட்டிலப் பொருத்த ரொம்பக் கஷ்டமா இருந்துருக்கும்ல? எம்புட்டு நாளாச்சுக்கா?"

ஒரு வருடம் என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ பொய் சொன்ன வாய்க்கு அது ஒன்றும் பெரிதில்லை. மனசாட்சி உறுத்தித்தான் உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அதுவும் இல்லை. அவள் நிம்மதியாக இருந்தாள். நடந்ததையெல்லாம் தன் தலையெழுத்து, தன் தப்பு என்று ஏற்றுக்கொண்டு, அந்தச் சட்டம் போட்ட காகிதத்துக்கு அடியில் நிம்மதியாக இருந்தாள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

"பதினோரு நாள்" என்றேன்.

பொத்தான் போட்டுக்கொண்டிருந்த கை நின்றது. அவள் தலையைத் தூக்கவில்லை. மனதுக்குள் எதையோ எண்ணுகிறாள் என்று தெரிந்தது. சித்திரையிலிருந்து தைவரை எண்ணியிருப்பாள்.

"அம்புட்டுதானா?" என்றாள்.

"அம்புட்டுதான்."

வெளியே ஆசாரி வந்துவிட்டார், குழந்தையைக் கொண்டுவாங்க என்று குரல் கேட்டது. அவள் எழுந்து போனாள். ஊசி ஏறியதும் குழந்தை வீல் என்று கத்தியது. பந்தியில் என்னை முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். கறிச்சோறு. அவளே என் இலைக்கு வந்து பரிமாறினாள். போதும் என்று கையைக் காட்டும்வரை வைத்தாள்.

கிளம்பும்போது இரண்டு பேரும் வாசல்வரை வந்தார்கள். அவளுடைய கணவர் தாம்பூலப் பையைக் கொடுத்து, "போயிட்டு வாங்கக்கா. இது உங்க வீடு, அடிக்கடி வாங்க" என்றார்.

நான் அவளைப் பார்த்து, வாரேன் என்றேன்.

அழுது ஓய்ந்திருந்த குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "போங்க" என்றாள்.